உளச்சிகிச்சைக்கு ஒரு துலாக்கோல்

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பது பழமொழி. காகம் வந்து பனையில் அமர்ந்தது; அமர்ந்த கணத்திலே பழம் வீழ்ந்தது. காகத்தின் கனத்தினாலேயே பழம் வீழ்ந்ததென்று கண்டவர் கூறுவர். பழம் முன்னரே கனிந்து காம்பு விட்டிருந்ததென்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. மருத்துவ உலகிலும் இக்காகத்தின் கதை நாள்தோறும் நிகழ்கின்றது. மருந்து உண்டான், நோய் நீங்கிற்று. ஆதலின் மருந்தே நோயை நீக்கிற்று என்பது மக்கள் கொள்ளும் முடிபு. சில வேளைகளில் அது மெய்யாகவும் இருக்கலாம். மெய்யா, அன்றா என்று எவ்வாறு அறிவது? உடல் நோயிலேயே இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. உள்ளத்து நோய்க்குச் சொல்லையே மருந்தாகக் கொண்டு செய்யும் சிகிச்சையில் அஃது இன்னும் அரிது. அத்தகைய நோய் ஒன்றனை எடுத்துக்கொண்டு, அதற்குரிய உளச்சிகிச்சைகளின் பயனை அறிஞர்கள் எவ்வாறு அளந்து வந்துள்ளனர் என்பதை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

அந்நோய்க்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று பெயர். 1938ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து உளப்பகுப்பு மருத்துவரான அடொல்ப் ஸ்ரேண் என்பார், சிறு மனக்கோளாறு, பெரு மனநோய் என்று அக்காலத்தவர் வகுத்திருந்த இரு பிரிவுகளுள் எதனிலும் அடங்காது, இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையில் நின்ற நோயாளரை இப்பெயராற் குறித்தார். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில் இந்நோயை முறைப்படி சேர்த்துக்கொண்டது.

இந்நோயுற்றார்க்கு உணர்ச்சி விரைவிற் பொங்கும், மெல்லவே அடங்கும். இன்று தெய்வமாகத் தோன்றியவர் நாளை பகைவராகத் தோன்றுவார். அன்புடையார் தம்மைக் கைவிட்டுவிடுவரோ என்னும் அச்சம் ஓயாது வருத்தும். நெஞ்சினுள்ளே வெறுமை குடிகொள்ளும். தாங்கொணாத் துயரிலே தம்முடலைத் தாமே ஊறுபடுத்திக்கொள்வாரும், உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வாரும் இவருட் பலர். பெரும்பாலும் இளமைப் பருவத்திலேயே இது தலைகாட்டும். பெற்றோர் களைத்துப் போவர். உடன்பிறந்தார் விலகி நிற்பர். வைத்தியசாலைகளிலும் 'இவரைத் திருத்தவியலாது' என்ற சொல்லே நெடுங்காலம் வழங்கிற்று. ஆகவே, இந்நோய்க்கு இன்ன சிகிச்சை பயன் தரும் என்று எவரேனும் உரைத்தால், அவ்வுரை மெய்தானா என்று கேட்பது அறிஞர் சபைக்கு மாத்திரம் உரிய வினா அன்று. அவ்விடையை நம்பி ஓர் இளம் உயிரும் ஒரு குடும்பமும் காத்திருக்கின்றன.

உளச்சிகிச்சையை நோக்கி இத்தகைய வினாவைக் கூர்மையாக எழுப்பியவர் இலண்டனில் வாழ்ந்த உளவியலறிஞர் ஹான்ஸ் ஐசெங் ஆவர். சிறு மனக்கோளாறுற்றாருள் மூவரில் இருவர் உளச்சிகிச்சை பெறாமலே ஏறக்குறைய இரண்டாண்டுக் காலத்திற் தேறிவிடுகின்றனர் என்றும், சிகிச்சை பெற்றோர் அதனினும் மேலாகத் தேறியதற்குச் சான்றில்லை என்றும் 1952ஆம் ஆண்டில் அவர் வாதித்தார். அவருடைய கணக்கிலே குறைகள் உண்டென்று பிற்காலத்தவர் மறுத்தனர். ஆயினும் அவர் எழுப்பிய வினா மறையவில்லை. நோயாளி தேறினார் என்று காட்டுவது போதாது. சிகிச்சை இல்லாதிருப்பின் அவர் நிலை என்னவாகியிருக்கும் என்பதற்கும் விடை கூறல் வேண்டும்.

விடை காணும் வழியொன்றை உடல் மருத்துவம் அதற்கு முன்னரே வகுத்திருந்தது. கசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்து உதவுமா என்று ஆராய்ந்த பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1948ஆம் ஆண்டில் தன் முடிவுகளை வெளியிட்டது. அச்சோதனையிற் சேர்க்கப்பட்ட நோயாளர் 107 பேர். யாருக்கு மருந்தும் ஓய்வும், யாருக்குப் படுக்கை ஓய்வு மாத்திரம் என்பதை மருத்துவர் தம் விருப்பின்படி தெரிந்தெடுக்கவில்லை. புள்ளிவிபர அறிஞர் ஒஸ்ரின் பிறாட்போர்ட் ஹில் வகுத்த முறையின்படி, உறையிலிட்டு மூடிய சீட்டே அதனைத் தீர்மானித்தது. மருந்து பெற்ற 55 பேருள் ஆறு மாதத்துக்குள் இறந்தவர் 4 பேர். ஓய்வு மாத்திரம் பெற்ற 52 பேருள் இறந்தவர் 14 பேர்.

திருவுளச் சீட்டுப் போட்டுப் பார்ப்பது கோயிலில் நிகழும் காரியமன்றோ, விஞ்ஞானத்தில் அதற்கு இடம் ஏது என்று சிலர் வியக்கக்கூடும். அதன் பயன் இதுவே. மருத்துவர் தாமே தெரிந்தெடுத்தால், தேறக்கூடியவரைத் தம்மையறியாமலே புதிய சிகிச்சைக்கு அனுப்பிவிடுவர். சீட்டுக்கு முகதாட்சணியம் இல்லை. இளையோரும் முதியோரும், நோய் மிக்காரும் நோய் குறைந்தாரும் இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒப்பாகப் பிரிந்துவிடுவர். தொகை பெருகப் பெருக அவ்வொப்பும் உறுதிப்படும். அதன்பின் இரு பக்கத்துக்கும் இடையே தோன்றும் வேறுபாட்டைச் சிகிச்சையின் விளைவெனக் கொள்ள நியாயமுண்டு.

எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாற்றுக்கு இவ்வொப்பீடு இன்றியமையாதது. ஏனெனில் இந்நோய் கடலலை போல ஏறி இறங்கும் இயல்பினது. அலை உச்சியில் நிற்கும்போதே நோயாளி வைத்தியரிடம் கொண்டுவரப்படுகின்றார். உச்சியில் அளந்த நீர்மட்டத்தைச் சிறிது பொறுத்து மீண்டும் அளந்தால், எவர் எதுவும் செய்யாதபோதும் அது தாழ்ந்தே இருக்கும். அன்றியும், ஆண்டுகள் செல்லச் செல்ல இந்நோய் தணிவதுமுண்டு. அமெரிக்காவில் பொஸ்ரன் நகருக்கு அண்மையிலுள்ள மக்லீன் வைத்தியசாலையில் மேரி சனறினி என்னும் ஆராய்ச்சியாளர் தம் குழுவினரோடு இத்தகைய 290 நோயாளரைப் பல்லாண்டு காலம் தொடர்ந்து கவனித்தார். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த பத்தாண்டுக் கணக்கின்படி, 100க்கு 93 பேர் குறைந்தது இரண்டாண்டுக் காலமாவது நோய்க்குறி தணிந்திருந்தனர். ஆனால், அத்தணிவோடு நல்ல தொழிலும் நல்லுறவும் ஒருங்கே பெற்று வாழ்ந்தோர் பாதியளவினரே. இவருட் பெரும்பாலார் ஏதோ ஒரு சிகிச்சையைப் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். ஆதலின் இதனை நோயின் தனிப்போக்கு என்று சொல்லிவிடல் இயலாது. எனினும், 'திருத்தவியலாது' என்ற பழஞ்சொல் பொய்யென்பது இதனாற் புலனாயிற்று. காலத்தோடு பலர் தேறுவர் என்பது தெரிந்தபின், தேறிய நோயாளர் சிலரைக் காட்டித் தன் சிகிச்சையைப் புகழ்வோன் சொல்லை ஏற்பதற்கில்லை.

இந்நோய்த் துறையிலே சீட்டு முறையைக் கையாண்டு பெரும் திருப்பத்தை உண்டாக்கியவர், சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த மார்ஷா லினெஹான் ஆவர். அவர் வகுத்த முறைக்கு இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். தன்னை உள்ளவாறே ஏற்றல், தன்னை மாற்றிக்கொள்ளல் என்னும் முரண்பட்ட இரண்டையும் ஒருங்கே பயிற்றுவது அது. கிழமைக்கொரு முறை தனியே உரையாடல், கிழமைக்கொரு முறை குழுவாக அமர்ந்து உணர்ச்சியைக் கையாளும் பயிற்சி, இடுக்கண் நேரத்தில் தொலைபேசி வழியாக ஆலோசனை, சிகிச்சை செய்வோர் தமக்குள் கூடி ஆராயும் கூட்டம் ஆகிய நான்கும் அதன் உறுப்புகள். 1991ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சோதனையில் 44 பெண்கள் இருந்தனர். ஒரு பாதியினர் இம்முறையையும், மறு பாதியினர் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சையையும் ஓராண்டு பெற்றனர். புதிய முறை பெற்றோர் தம்மை ஊறுபடுத்திக்கொண்ட தடவைகள் குறைந்தன. அவர்கள் உளநோய் வைத்தியசாலையிற் தங்கிய நாட்கள் ஆளுக்குச் சராசரி ஏறக்குறைய 8. மற்றையோர் தங்கியவை ஏறக்குறைய 39. புதிய முறையில் 100க்கு 83 பேர் ஆண்டு முழுதும் சிகிச்சையில் நிலைத்து நின்றனர். மறு பக்கத்திலே தம் சிகிச்சையாளரோடு நிலைத்தவர் 100க்கு 42 பேரே.

இம்முடிவு நம்பிக்கை ஊட்டுவதுதான். ஆயினும் துலாக்கோலைப் பிடித்தவர் மறு தட்டையும் நோக்குதல் வேண்டும். அதே சோதனையில் மனச்சோர்வு, நம்பிக்கையின்மை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் இரு பக்கத்துக்கும் வேறுபாடு காணப்படவில்லை. செயல் குறைந்தது, துயரமோ இரு பக்கத்திலும் ஒத்திருந்தது. எதை அளந்தார் என்று கேளாமல் 'குணமாயிற்று' என்ற சொல்லை ஏற்றல் தகாதென்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

இன்னொன்றும் கவனித்தற்குரியது. ஒரு பாடசாலையில் இரு வகுப்புகள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு வகுப்புக்குப் புதிய முறையிற் கணிதம் கற்பிக்கப்படுகின்றது. ஆசிரியர் ஆர்வமுள்ளவர், தனிப்பயிற்சி பெற்றவர், மேலதிக நேரமும் கற்பிக்கின்றார். மற்ற வகுப்பின் ஆசிரியர் ஆண்டுக்கு மூன்று முறை மாறுகின்றார். சில நாட்களில் வகுப்புக்கு எவருமே வருவதில்லை. ஆண்டிறுதிப் பரீட்சையில் முதல் வகுப்பு மேம்பட்டால், புதிய முறையின் சிறப்பினால் மேம்பட்டதா, ஒருவர் ஒழுங்காக வந்து நின்றதனால் மேம்பட்டதா? வழக்கமான சிகிச்சையோடு புதிய சிகிச்சையை ஒப்பிடும் சோதனை எல்லாவற்றிலும் இவ்வையம் எழும். வழக்கமானது என்பது சில ஊர்களில் நல்ல சிகிச்சை. சில ஊர்களில் பெயரளவிலான சிகிச்சை.

இவ்வையத்தை லினெஹானும் உணர்ந்திருந்தார். 2006ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது அடுத்த பெருஞ்சோதனையில் 101 பெண்கள் பங்குபற்றினர். இம்முறை மறு பக்கத்தாருக்குச் சிகிச்சை செய்தவர்கள், இத்தகைய நோயாளரை நடத்துவதில் வல்லவரென்று அத்துறைத் தலைவர்களாற் பெயர் குறிக்கப்பட்ட நிபுணர்கள். அதாவது, இரண்டாம் வகுப்புக்கும் நல்லாசிரியர் அமர்த்தப்பட்டார். சிகிச்சை ஓராண்டும் அதன் பின்னர் ஓராண்டுமாக நோக்கியபோது, தற்கொலை முயற்சி செய்தோர் லினெஹான் முறையில் 100க்கு 23 பேர். நிபுணர் பக்கத்தில் 46 பேர். மனச்சோர்வோ இரு பக்கத்திலும் ஒப்பவே குறைந்தது. ஒப்பீடு கடுமையான பின்னரும் ஒரு முக்கியமான வேறுபாடு எஞ்சி நின்றது என்பது இதனாற் பெறப்படும்.

ஆனால், அம்முறையை வகுத்தவரே அதனைச் சோதித்தார் என்பதையும் மறத்தலாகாது. இது நேர்மையைப் பற்றிய ஐயமன்று. தன் பிள்ளையின் விடைத்தாளைத் தானே திருத்தும் ஆசிரியர் எத்துணை நேர்மையாளராயினும் வேறொருவர் திருத்துவதே முறையாகும். உளச்சிகிச்சையில் இது மேலும் வேண்டற்பாலது. மருந்துச் சோதனையில் வெறும் மாவுக் குளிகையை மருந்தெனக் காட்டிக் கொடுக்கலாம். உண்பவரும் கொடுப்பவரும் வேறுபாடறியார். உரையாடலிலோ எந்தச் சிகிச்சை நடைபெறுகின்றதென்பதை இருவரும் அறிவர். விளைவை மதிப்பிடுபவர் ஒருவருக்கு மாத்திரமே யார் எப்பக்கத்தவர் என்பதை மறைத்து வைத்தல் கூடும்.

அவ்வாறு வேறொருவர் திருத்திய விடைத்தாள் கனடாவின் ரொறொன்ரோ நகரிலிருந்து வந்தது. ஷெலி மக்மெயின் என்பாரின் தலைமையில் 180 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட அச்சோதனையின் முடிவு 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பக்கத்தில் லினெஹான் முறை முழுமையாக அளிக்கப்பட்டது. மறு பக்கத்தில், நோயையறிந்த உளமருத்துவர்கள் கிழமைக்கொரு முறை நோயாளரைச் சந்தித்து, வேண்டியவிடத்து மருந்தும் கொடுத்து, தமக்குள் ஒழுங்காகக் கலந்தாலோசித்து நடத்திய பொது உளமருத்துவப் பராமரிப்பு அளிக்கப்பட்டது. ஓராண்டின் பின் இரு பக்கத்தாரும் பெரிதும் தேறியிருந்தனர். தம்மை ஊறுபடுத்தல் இரு பக்கத்திலும் குறைந்தது. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இச்சமநிலைக்கு இருவகையாகப் பொருள் கூறலாம். இரண்டும் நற்சிகிச்சை, ஆதலால் இரண்டும் பயன் தந்தன என்பது ஒன்று. இரண்டும் காகங்களே, பழம் தானே வீழ்ந்தது என்பது மற்றொன்று. சிகிச்சையே பெறாத மூன்றாம் பக்கம் அச்சோதனையில் இல்லாமையால், அதனை மாத்திரம் கொண்டு எது சரியென்று துணிதல் இயலாது. உயிருக்கு ஆபத்துள்ள நோயாளரைச் சிகிச்சையின்றி விட்டுவைத்து வேடிக்கை பார்ப்பதும் அறமன்று. ஆதலின் வேறு சோதனைகளையும் சேர்த்து நோக்குதல் அவசியமாகின்றது.

இலண்டனில் அன்ரனி பேற்மனும் பீற்றர் பொனகியும் வேறொரு முறையை வகுத்தனர். தன் மனத்திலும் பிறர் மனத்திலும் என்ன நிகழ்கின்றதென்று நின்று நிதானித்து எண்ணப் பழக்குவது அது. 2009ஆம் ஆண்டில் 134 நோயாளரைக் கொண்டு அவர்கள் வெளியிட்ட சோதனையில், மறு பக்கத்தாருக்கும் நன்கு ஒழுங்குசெய்யப்பட்ட பராமரிப்பே வழங்கப்பட்டது. இரு பக்கத்தாரும் தேறினர். புதிய முறை பெற்றோர் ஓரளவு கூடுதலாகத் தேறினர். இங்கும் முறையை வகுத்தவரே சோதித்தவர் என்பது நினைவிற்குரியது.

தனித்தனிச் சோதனைகள் சிறியவை. அவற்றை ஒருங்கு திரட்டி எடைபோடும் பணியைக் கொக்றேன் என்னும் சர்வதேச அமைப்பு மேற்கொண்டது. 2020ஆம் ஆண்டில் வெளியான அதன் மதிப்பீட்டிலே 75 சோதனைகளும் அவற்றிற் பங்குபற்றிய 4507 பேரும் அடங்குவர். இவருட் பெரும்பாலார் பெண்கள். வழக்கமான சிகிச்சையைக் காட்டிலும் இந்நோய்க்கென வகுத்த உளச்சிகிச்சைகள் நோயின் கடுமையைக் குறைத்தன என்பது அதன் முடிபு. எத்துணை குறைத்தன? சுழி முதல் 36 வரை புள்ளியிடும் அளவுகோலில் ஏறக்குறைய மூன்றரைப் புள்ளி. மூன்று புள்ளி குறைந்தாலே நோயாளியின் வாழ்வில் அது உணரப்படும் என்று கொள்ளப்படுவதால், இது பொருளுள்ள நன்மையே, ஆயினும் அற்புதமன்று. நோயின் கடுமையைப் பற்றிய சான்றை ஓரளவு உறுதியானதென்றும், ஏனைய விளைவுகளைப் பற்றிய சான்றுகளை வலிமை குறைந்தனவென்றும் அம்மதிப்பீடு தரம் பிரித்தது. காகம் மாத்திரமே அங்கு இருந்ததென்று இனிக் கூறுவதற்கில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால் ஓர் உண்மை தெளிவாகின்றது. புதிய சிகிச்சையின் எதிர்த்தட்டில் வைக்கப்பட்டது கவனிப்பாரற்ற வழக்கச் சிகிச்சையாயின் வேறுபாடு பெரிதாகத் தோன்றும். எதிர்த்தட்டிலும் நோயையறிந்த ஒருவர் கிழமைதோறும் தவறாது வந்திருந்து, கடிந்து விரட்டாமல், ஒழுங்கான திட்டத்தோடு நோயாளியை நடத்துவாராயின் அவ்வேறுபாடு சுருங்கிவிடும். சில வேளை மறைந்தும்விடும். ஆகவே, சிகிச்சைகளின் பெயர்கள் பலவாயினும் அவற்றுக்குப் பொதுவான இவ்வொழுங்கும் இடையறாத் துணையுமே பயனிற் பெரும்பங்கை அளிக்கின்றன என்று எண்ண இடமுண்டு.

இதனை நன்குணர்ந்தவர் அமெரிக்க உளமருத்துவர் ஜோன் கண்டர்சன். இந்நோயின் இலக்கணத்தை வரையறுத்தவருள் முதன்மையானவரான அவர், ரொறொன்ரோவிற் கையாளப்பட்ட பொதுப் பராமரிப்பைச் சாதாரண வைத்தியரும் குறுகிய பயிற்சியிற் கற்றுக்கொள்ளத்தக்க முறையாகச் செப்பமிட்டு, 2014ஆம் ஆண்டில் போல் லிங்ஸ் என்பாருடன் சேர்ந்து கைந்நூலாக வெளியிட்டார். விசேட சிகிச்சை முறைகளைக் கற்பதற்கு நெடுங்காலமும் பொருளும் வேண்டும். அவற்றைக் கற்றார் தொகை செல்வ நாடுகளிலும் சிறிது. சாதாரண வைத்தியர் ஒருவர் செவ்வனே செய்யும் பணியும் பயன் தரும் என்பது, நிபுணரைத் தேடி அலைந்து சலித்த குடும்பத்துக்கு எத்துணை ஆறுதலான செய்தி!

இனி, புதுச் சிகிச்சையொன்று எந்நோயையும் தீர்க்கும் என்ற புகழுரையைக் கேட்கும் நேயர்கள் சில வினாக்களை மனத்திற் கொள்ளலாம். எதனோடு ஒப்பிட்டனர்? பக்கம் பிரித்தது சீட்டா, சிகிச்சை செய்தவரின் விருப்பமா? எதனை அளந்தனர்? இடையில் விட்டுச் சென்றோரையும் கணக்கிற் சேர்த்தனரா? ரொறொன்ரோச் சோதனையிற்கூடப் பத்திற் கிட்டத்தட்ட நால்வர் சிகிச்சையை முடிக்கவில்லை. இறுதி வரை நின்றவரை மாத்திரம் எண்ணினால் எச்சிகிச்சையும் சிறந்ததாகவே தோன்றும். சிகிச்சை முடிந்து ஆண்டுகள் சென்றபின் நிலைமை யாது? வைத்தியரை அவமதிக்கும் நோக்கில் எழும் வினாக்களல்ல இவை. நல்ல வைத்தியர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்பவை.

சியாற்றில் பேராசிரியையைப் பற்றிய ஒரு செய்தியோடு இப்பேச்சை நிறைவு செய்யலாம். 2011ஆம் ஆண்டில் மார்ஷா லினெஹான் தம் வாழ்க்கை இரகசியம் ஒன்றை உலகறியச் சொன்னார். 1961ஆம் ஆண்டில், பதினேழு வயதுப் பெண்ணாக, தம்மைத் தாமே ஊறுபடுத்திக்கொள்ளும் கொடுந்துயரோடு அவர் உளநோய் வைத்தியசாலையொன்றில் நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்தார். எவராலும் திருத்தவியலாதவர் வரிசையில் வைத்து எண்ணப்பட்ட அப்பெண்ணே, பிற்காலத்தில் அத்தகையோருக்கு ஒரு சிகிச்சையை வகுத்தார். தம் அனுபவமே போதிய சான்றென்று அவர் சொல்லியிருக்கலாம், கேட்டவரும் நம்பியிருப்பர். அவர் அவ்வாறு செய்யவில்லை. இரகசியத்தை வெளியிடுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, தம் சிகிச்சையைச் சீட்டுக்கும் துலாக்கோலுக்கும் ஒப்புக்கொடுத்து, வென்றதையும் வெல்லாததையும் ஒருங்கே அச்சேற்றியிருந்தார். இந்நோயுற்ற பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர், பிள்ளை தேறுமென்று நம்புவதற்கு இன்று ஆதாரம் உண்டு. அந்த ஆதாரம் இவ்வாறு நிறுத்து அளந்து பெறப்பட்டது.